நாலு குழாய் ஜீப்

நிரோஷனின் ஜீப்புக்குப் பின்னால் நாலு குழாய் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, முகம் பார்க்கலாம் போல மினுங்கிக்கொண்டு. கண்டக்குழியில் ஓடுகிற கெப் வண்டிகளுக்கெல்லாம் ஒரே ஒரு சைலன்சர்தான். அதையும் உப்புக்காற்று தின்றுவிடும். பிறகு கம்பியால் இழுத்துக் கட்டி, ஓட்டைக்குப் பால்மா டின்னை வெட்டி ஒட்டி, ஏதோ காலம் போகும். அப்படியான ஊருக்குள் நாலு குழாயோடு ஒரு வாகனம் வந்து தன் வேலியோரம் நின்றால் மக்டலினுக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவும் வந்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவன். பதினொரு வருஷம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

காலையில் எழும்பியதும் அவள் செய்கிற முதல் வேலை அந்தக் குழாய்களைத் துடைப்பதுதான். இரவில் உப்பு படிந்துவிடுமே என்று பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு மார்த்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மக்டலின், கலியாணப் பொம்பிளைக்கு நகை போட முந்தி துடைக்கிற மாதிரித் துடைக்கிறாய்? உன்ட மனுசன் யாகப்பு அண்ணன்ட முதுகை ஒரு நாள் இப்பிடித் தேய்ச்சு விட்டிருப்பியா?"

"அவர்ட முதுகு மினுங்காது, மார்த்தா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மக்டலின் துணியை விரலில் சுற்றி ஒரு குழாய்க்குள் விட்டாள். இரண்டு விரற்கடை போனதும் ஏதோ சுவர் மாதிரித் தட்டுப்பட்டது. தூசி போகாமல் மூடி வைத்திருப்பார்கள், வெளிநாட்டுச் சாமான்தானே, என்று நினைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டாள்.

நிரோஷன் சும்மா வரவில்லை. சிலாபத்து ஆள் ஒருவரோடு பங்கு சேர்ந்து, சுற்றுலா வருபவர்களுக்கு டொல்பின் காட்டப் புதுப் படகு ஒன்று வாங்கியிருந்தான். அது ஒரு காரியம். மக்டலினுக்கு முக்கியமான காரியம் வேறு. அவளுடைய ஒரே மகள் டயனாவை இத்தாலிக்கு எடுப்பதாக அவன் சொல்லியிருந்தான். அங்கே வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டுக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்ப்பதாகச் சொன்னான். டயனா அதற்காகச் சிலாபத்தில் தங்கி இத்தாலிப் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். மக்டலின் காலை எழும்புவதும், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதும், குழாய் துடைப்பதும் எல்லாம் அந்த ஒரு கடிதத்துக்காகத்தான்.

அவளுடைய புருஷன் யாகப்புவுக்குக் கடலோடு சேர்ந்த உப்புக் களப்பின் துறையில் வேலை. படகுகளை வண்டிலில் ஏற்றி, கெப்பில் கொழுவி, பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். எங்கே சேறு, எங்கே கல், எவ்வளவு தூரம் போகலாம் என்று கையில் ஒரு தடியோடு முன்னால் நின்று காட்டுபவர் அவர். மீனவர் சங்கம்தான் அவரை அந்தப் பொறுப்பில் வைத்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வாகனத்தையும் அவர் தண்ணீருக்குக் கொடுத்ததில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு முதல்முதலாகத் தண்ணீரைத் தொடும்போது மாதா கோயில் சாமி வந்து ஜெபம் சொல்லுவார். ஜெபம் முடியும்வரை துறையில் எந்த எஞ்சினும் உறுமக்கூடாது. இழுத்து வந்த வாகனமும் பின்பக்கம் தண்ணீருக்குள் நின்றபடி மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்கவேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் புகையே தண்ணீரைத் தள்ளி வைத்துவிடும். நிறுத்தினால் தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறும். ஆகவே யாகப்பு வலையின் மிதப்புக் கட்டையைச் சீவி, பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, சைலன்சர் வாயை இறுக்கி அடைப்பார். ஆமென் சொன்னதும் பிடுங்குவார். பிறகுதான் சாவி திருப்புவார்கள். கண்டக்குழியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

படகு இறக்கும் நாள் சனிக்கிழமை. டயனாவுக்கு அன்று பரீட்சை, வரவில்லை. சங்கத்து வாடகைக் கெப் இருந்தும், தன் ஜீப்பால்தான் படகை இறக்கவேண்டும் என்று நிரோஷன் பிடிவாதமாக நின்றான். கொழும்பிலிருந்து வீடியோ எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். சனமெல்லாம் சாமியைச் சுற்றிக் கரையில் நின்றது. முழங்கால் தண்ணீரில் ஜீப்புக்குப் பின்னால் நின்றது மூன்றே பேர். யாகப்பு, நிரோஷன், படகுக்குப் போட வைத்த பூமாலைத் தட்டோடு மக்டலின்.

யாகப்பு நாலு கட்டை சீவிக் கொண்டுவந்திருந்தார். முதல் குழாயில் கையை வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"தம்பி, இது குளிர்ந்துபோய்க் கிடக்கே. இப்பதானே ஓடி வந்தது?"

"அது வெளிநாட்டுச் சாமான் அத்தான். ரெண்டு தட்டுத் தகடு. சூடு வெளியில வராது."

யாகப்பு கட்டையைச் செருகினார். அது இரண்டு விரற்கடையோடு நின்றது. எடுத்துப் பார்த்தார். மறுபடி செருகினார்.

"உள்ள போகுதில்லையே. ஏதோ தட்டுது. நான் ஒருக்காக் கீழ பாத்திட்டு வாறன். புகை வேற எங்கயும் போகுதோ தெரியல்ல."

"கீழ படுக்காதீங்க அத்தான், வீடியோ எடுக்கிறாங்க. நாலு குழாய் கண்ணுக்கு முன்னால இருக்குது, இன்னும் என்னத்தத் தேடப் போறீங்க? அடைங்க."

யாகப்பு அப்படியே குனிந்தபடி நின்றார். சாமி கரையில் புத்தகத்தை விரித்துவிட்டார். அப்போதுதான் மக்டலின் வாயைத் திறந்தாள்.

"இஞ்சருங்க, அவன் சொல்றதச் செய்ங்களன். அவன்ட வாகனம் அவனுக்குத் தெரியாதா?"

யாகப்பு அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாலையும் அடைத்தார்.

நிரோஷன் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருந்தபடியால் சாமிக்கு அன்று ஜெபம் நீண்டது. பிரார்த்தனை, அதன்மேல் ஒரு பிரசங்கம், பிறகு புனிதர்களின் பெயர் ஒவ்வொன்றாக. சனம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லச் சொல்ல, ஜீப்பின் பின்சில்லு ஒவ்வொரு விரற்கடையாகச் சேற்றில் இறங்கியது. பம்பரின் அடி தண்ணீரைத் தொட்டது, பிறகு மறைந்தது. யாகப்பு தடியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் பம்பருக்குக் கீழே சின்னச் சின்னக் குமிழிகள் வருவதைக் கண்டார். கையைக் காட்டினார். நிரோஷன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆமென் சொன்னதும் யாகப்பு கட்டைகளைப் பிடுங்கினார். நாலும் காய்ந்தபடி இருந்தன. ஒன்றிலும் கரி ஒட்டியிருக்கவில்லை.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணாத. ட்ரக்டரக் கூப்பிட்டு இழுப்பம்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயா? பேசாம இருங்க அத்தான்."

ஏறி இருந்து பட்டனை அமத்தினான். ஜீப் ஒரு தரம் இருமியது. பம்பருக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று வெளியே வந்தது. இன்னொரு தரம் அமத்தினான், இன்னொரு தரம். உள்ளே இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் ட்ரக்டர்தான் வந்து இழுத்தது. வீடியோ எடுக்க வந்தவர்கள் அதையும் எடுத்தார்கள்.

மறுநாள் பாலாவியிலிருந்து மெக்கானிக் நௌஃபர் பாஸைக் கூட்டி வந்தார்கள். சிமெந்து லொறிகளின் சைலன்சர் ஒட்டி ஒட்டி ஒரு காது மந்தமான மனுஷன். ஜீப் மக்டலின் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. பாதி ஊர் வேலியோரம். நௌஃபர் பாஸ் ஸ்க்ரூட்ரைவரைக் குழாய்க்குள் விட்டுத் தட்டினார். டொக், டொக் என்றது. அடுத்ததிலும் டொக். நாலையும் தட்டிவிட்டு எழும்பி நின்று தொப்பியைச் சரி செய்தார்.

"யாரு இத அடச்சது?"

"நான்தான் தம்பி," என்றார் யாகப்பு.

"அண்ணே, இதுல அடைக்கிறதுக்கு ஒன்னுமே இல்ல. இது குழாயே இல்ல. பம்பரோட சேத்து வார்த்த பிளாஸ்டிக்கு, மேல மினுக்கம் பூசிரிக்கி. சும்மா பார்வைக்கி." படுத்துக் கையைக் கீழே விட்டார். "உண்மையான குழாய் இந்தா இரிக்கி, பம்பருக்குப் பொறத்தால, கீழ பாத்து வளச்சி விட்டிரிக்கி. ஒன்னே ஒன்னு. வாயத் தொறந்திட்டுக் கெடக்கு. களப்பெல்லாம் இதாலதான் போயிரிக்கி."

வேலியோரத்தில் யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். "இவ்வளவு விலை வாகனத்துக்குமா பாஸ்?" என்று கேட்டாள் மார்த்தா.

"விலை கூடக் கூடத்தான் இந்தக் கூத்து, அக்கா. நல்ல குழாய ஒளிச்சி வெச்சிட்டுப் பொய்க் குழாய வெளிய காட்டுறாங்க. கழுவக் கொண்டார ஆக்கள் அதுல கைய வெச்சி என்னமாப் பெருமை பேசுவாங்க தெரியுமா. எனக்குச் சிரிப்ப அடக்க ஏலாது."

சிரிப்பு இன்னும் பெருத்தது. நிரோஷனின் முகம் கறுத்தது. மக்டலினுக்கு விரல் நுனி குறுகுறுத்தது. அந்தச் சுவரை முதலில் தொட்டவள் அவள்தானே. ஒரு கிழமைக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. யாகப்பு 'ஏதோ தட்டுது' என்றபோது, ஓம், எனக்கும் தட்டியது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

உப்புத் தண்ணீர் புகை வடிகட்டிவரை ஏறி, அதைப் பார்க்கிற கருவிகள் எல்லாம் செத்துவிட்டன, சாமான் வெளியிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு நௌஃபர் பாஸ் போனார். அவர் போன கையோடு சிலாபத்துப் பங்காளி வந்து இறங்கினார். ஜீப் நிரோஷனுடையது இல்லை, பங்காளியுடையது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிய வந்தது. ஒரு மாதத்துக்கென்று இரவல் வாங்கி வந்திருக்கிறான்.

பங்காளி கத்தவில்லை. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சரி, இப்ப யாரு பிழை?" என்று மட்டும் கேட்டார்.

நிரோஷன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "நான் அத்தானிட்டச் சொன்னன், கீழ ஒருக்காப் பாருங்க எண்டு. அவர் கேக்கல்ல. பத்தொன்பது வருஷம் இறக்கிறன், எனக்குச் சொல்லித் தாறியா எண்டார்."

யாகப்பு முற்றத்தில் தடியோடு நின்றுகொண்டிருந்தார். கெப்காரர்களோடு நாள் முழுக்கக் கத்துவார். பொய் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றால் அவருக்குச் சொல் வராது.

விஷயம் சங்கத்துக்குப் போனது. அடுத்த நாள் கூட்டம் என்று தலைவர் டிலக்‌ஷன் ஆள் விட்டார். அன்று பொழுதுபட நிரோஷன் அக்காவின் குசினிக்கு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு வாய் சோறு கேட்டான். ஓரா மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, சின்ன வயதில் சாப்பிட்ட மாதிரியே விரலைச் சூப்பிச் சாப்பிட்டான்.

"அக்கா, டயனாட கடிதம் வந்திட்டுது."

மக்டலின் அகப்பையை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். அவன் இடது கையால் ஃபோனைத் திறந்து காட்டினான். தலைப்பும் முத்திரையும் கையெழுத்துமாக ஒரு தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மகளின் பெயரை மட்டும் கண்டுபிடித்தாள். அதை விரலால் தடவினாள்.

"இனி நான் திரும்பிப் போய்த்தான் மிச்ச அலுவல் பாக்கவேணும். பங்காளி என்னில பிழை பிடிச்சா என்னை விடமாட்டான் அக்கா. இஞ்சயே கிடக்கவேண்டியதுதான். பிறகு கடிதம் இருந்தும் ஆருக்கு என்ன பிரயோசனம்?"

"உன்ட அத்தான் பாவம்டா."

"அவருக்கு என்ன, ரெண்டு நாள் கதைப்பாங்க, பிறகு மறந்திருவாங்க. நான் ஒண்டும் பொய் சொல்லச் சொல்லல்ல. தண்ணிச் சத்தம், சாமிட சத்தம். உங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஆணம் விடுங்க."

அவள் ஊற்றினாள்.

சங்கக் கட்டடத்தில் கதிரை போதாமல் ஆட்கள் ஜன்னலில் ஏறி இருந்தார்கள். டிலக்‌ஷன் நியாயமான ஆள். பங்காளியைக் கேட்டார், நிரோஷனைக் கேட்டார், பிறகு யாகப்புவைக் கேட்டார். யாகப்பு எழும்பி நின்று, "நான் பாக்கப் போனன், தம்பி விடல்ல. நாலையும் அடைக்கச் சொன்னது தம்பிதான்," என்றார். அவ்வளவையும் சொல்ல அவருக்கு நிறைய நேரம் எடுத்தது.

"அது அவர் சொல்றார்," என்றான் நிரோஷன். "கேட்ட ஆள் ஆர் இருக்கு?"

டிலக்‌ஷன் பொம்பிளைகள் பக்கம் திரும்பினார். "மக்டலின் அக்கா, நீங்க பூத்தட்டோட பக்கத்திலதான் நிண்டீங்க. உங்களை எல்லாரும் கண்டது. என்ன கதைச்சாங்க எண்டு கேட்டிச்சா?"

யாகப்பு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் ஒன்றும் இல்லை. அதுதான் பொல்லாதது. இதோ முடிந்தது, இவள் சொல்லுவாள், நாங்கள் வீட்டுக்குப் போகலாம் என்ற மாதிரி இலேசாக நின்றார். கக்கத்தில் தடியைக்கூட இடுக்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல," என்றாள் மக்டலின்.

"ஒண்டுமே கேக்கல்லையா?"

"சாமி ஜெபம் சொல்லிக்கொண்டு நிண்டார். நான் ஜெபத்தில இருந்தன்."

டிலக்‌ஷன் அதைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு விளங்கியதோ என்னவோ. மறுபடி யாகப்பு பக்கம் திரும்பி, "யாகப்பு அண்ணன், இன்னும் ஏதாவது சொல்ல இருக்குதா?" என்று கேட்டார்.

யாகப்பு மனைவியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். "இல்ல," என்றார். "என்ட கையாலதான் அடைச்சன். பிழை என்டதாவே இருக்கட்டும்."

அன்றே சங்கம் அவரைத் துறையிலிருந்து எடுத்தது. பங்காளிக்கு அது போதுமாக இருந்தது. நிரோஷன் வந்து அத்தானின் தோளில் கை போட்டு, "மனசில வச்சிக்கொள்ளாதீங்க," என்றான், எல்லாரும் பார்க்க. யாகப்பு தோளை விலக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் கை கால் கழுவினார், சாப்பிட்டார், கோப்பையைத் தானே கழுவி வைத்தார். பிறகுதான் கேட்டார்.

"நீ எனக்குப் பக்கத்திலதானே நிண்டாய்?"

"பிள்ளைக்காக," என்றாள் மக்டலின்.

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. அவளாவது எடுத்து இரண்டு சொல் திட்டு வாங்கியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை. 'சோறு போடவா' என்றால் 'ஓம்'. 'மழை வருமா' என்றால் 'தெரியாது'.

டயனா பரீட்சை முடிந்து வந்தாள். அவளுக்கு நடந்ததைச் சொல்லவேண்டி வந்தபோது, ஊருக்குச் சொன்னதையே மக்டலின் மகளுக்கும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவள் கொதித்தெழும்பி மாமனோடு சண்டைக்குப் போவாள், பிறகு கடிதமும் இல்லை, இத்தாலியும் இல்லை. பயணத்துக்கு முதல் நாள் மக்டலின் காய்ந்த இறாலைப் பொலித்தீனில் கட்டிக்கொண்டிருக்க, டயனா தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நான் கோவத்தில சொல்லல்ல. தெரியாட்டி மாமாட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே. அவர் எங்களுக்காக எவ்வளவு ஓடுறார்."

மக்டலினின் கை இறாலுக்குள் அப்படியே நின்றது.

"ஓம் மகள்," என்றார் யாகப்பு. "கேட்டிருக்கலாம்."

அவள் போனாள். அவளுக்கு முன்பே திரும்பிப் போயிருந்த நிரோஷன் சொன்னபடியே எல்லாம் செய்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இத்தாலி விமான நிலையத்துக்கு அவனே வந்து நின்று பெட்டிகளைத் தூக்கினான். மக்டலின் நேர்ந்தபடி மாதாவுக்கு மாலை போட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அது கிடைத்தது.

யாகப்புவை இப்போது துறைப் பக்கம் ஒருவரும் கூப்பிடுவதில்லை. அவருடைய இடத்தில் நிற்பவன் மாரிக்குள் இரண்டு கெப்பைச் சேற்றில் புதைத்துவிட்டான் என்று மார்த்தா வந்து சொன்னாள். அவர் அதற்குச் சிரிக்கவும் இல்லை. உப்பு அள்ளும் காலத்தில் பஸ் ஏறிப் பாலாவிக்குப் போவார். மற்ற நாளில் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டயனா முகம் தெரிய ஃபோன் எடுப்பாள். கன்னம் உப்பி, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஆள் மாறிப் போனாள். போன ஞாயிறும் எடுத்தாள். தான் பார்த்துக்கொள்ளும் கிழவி தன்னை 'மகளே' என்று கூப்பிடுகிறாளாம், குளிருக்குத் தடித்த சட்டை வாங்கித் தந்தாளாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அப்பா எங்கம்மா?" என்றாள்.

யாகப்பு இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். மக்டலின் ஃபோனை அவர் பக்கம் கொஞ்சம் நீட்டினாள். அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினார்.

"முகம் கழுவுறார் மகள்."

"எப்பவும் முகம்தான் கழுவுறார். வெக்கப்படுறார் போல. அவருக்குச் சொல்லுங்கம்மா, நேற்று மாமா வீட்டுக்குப் போனன். அப்பாக்காக நான் அவரிட்ட மன்னிப்புக் கேட்டன். கால்ல விழாத குறைதான். மாமா ஒண்டும் மனசில வச்சிக்கொள்ளல்ல. பழசெல்லாம் ஏன் கதைக்கிறாய், அத்தான் படிக்காத ஆள், அவருக்கு என்ன தெரியும் எண்டு சிரிச்சார். அவர் எவ்வளவு பெரிய மனுசன் எண்டு அப்பாக்குச் சொல்லுங்க."

யாகப்பு கதிரையிலிருந்து எழும்பினார். கால் இழுபடாமல், சத்தம் கேட்காமல், ஃபோனில் விழாதபடி சுவரோடு ஒட்டி நடந்து வெளியே போனார்.

"சொல்றன் மகள்," என்றாள் மக்டலின். "மாமாவக் கோவப்படுத்தாம இரு."